மருத்துவர் இல்லாமல் குடியை நிறுத்த வைக்கும் இல்லங்கள்: தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் எச்சரிக்கை

கடந்த திங்கட்கிழமை விடியற்காலையில், தண்டையார்பேட்டையில் எங்கள் தெருமுனையில் ஒரு குடி மறுவாழ்வு இல்லத்தின் வெள்ளை வேன் வந்து நின்றது. எட்டு மாதங்களுக்கு முன் என் தம்பியை ஏற்றிச் சென்ற அதே வேன்தான். நான்கு வீடு தள்ளிக் குடியிருப்பவரை அழைத்துப் போக வந்திருந்தார்கள். நான் ஓடிப் போய் அவருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவற்றை, இதே நிலைமையில் இருக்கும் மற்ற குடும்பங்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

என் தம்பிக்கு 38 வயது. துறைமுகத்திலிருந்து மணலி, மாதவரம் கிடங்குகளுக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவன். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசையில் நின்று துறைமுகத்துக்குள் நுழைவதற்குச் சில நாட்களில் இரவு முழுவதும் ஆகிவிடும். அந்தக் காத்திருப்பில் தொடங்கிய குடி, பத்தாண்டுகளில் தினமும் மூன்று குவார்ட்டர் என்ற அளவுக்கு வளர்ந்துவிட்டது. காலையில் எழுந்ததும் கை நடுங்கும், டம்ளரைப் பிடிக்க முடியாது. கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும் என்பதால் முந்தைய இரவே ஒரு கட்டிங்கை மிச்சம் வைத்துத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிடுவான். போதாக்குறைக்குத் தூக்கம் வரவில்லை என்று அல்பிரசோலம் மாத்திரையைச் சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கி இரண்டு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தான். தூக்க மாத்திரைதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

2020 ஊரடங்கில் மதுக்கடைகள் மூடப்பட்டபோது அவன் மூன்று நாள் நடுங்கினான், வியர்வையில் நனைந்தான், பிறகு எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான். சென்னையில் ஆகஸ்ட் 18 அன்று கடைகள் திறந்ததும் பழையபடி குடிக்கத் தொடங்கினான். அந்த மூன்று நாட்களைப் பார்த்திருந்த நாங்கள், நிறுத்தினால் கொஞ்சம் நடுங்குவான், அவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தோம். எங்கள் அறியாமை அங்கேதான் தொடங்கியது. கடும் குடியை நிறுத்துவதும் மறுபடி தொடங்குவதுமாக இருந்தால், ஒவ்வொரு முறையும் உடலின் எதிர்வினை முந்தையதை விட மோசமாகக்கூடும் என்பதை மருத்துவர் சொல்லித்தான் பின்னால் தெரிந்துகொண்டேன்.

தெரிந்தவர் ஒருவர் மூலமாக அந்த மறுவாழ்வு இல்லத்துக்காரர் வீட்டுக்கே வந்தார். மருந்தே கொடுக்காமல் தியானத்தாலும் யோகாவாலும் மீட்போம், 24 மணி நேரமும் டாக்டர் இருப்பார் என்றார். மருந்தே இல்லாத இடத்தில் டாக்டர் எதற்கு என்று கேட்க அன்று எனக்குத் தோன்றவில்லை. மாதம் 20,000 ரூபாய், முன்பணம் 15,000. அம்மாவின் வளையலை அடகு வைத்துக் கொடுத்தோம். ரசீதில் ஒரு பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் மட்டுமே இருந்தன. 15 நாட்களுக்கு நேரில் பார்க்கவோ போனில் பேசவோ கூடாது, பேசினால் மனம் இளகிவிடும் என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு நான்கு பேர் வந்து அவனைத் தூக்கத்திலிருந்து எழுப்பி வேனில் ஏற்றினார்கள். அவன் கடைசியாகக் குடித்தது முந்தைய நாள் இரவு பத்து மணியளவில். உள்ளே நடந்ததை அவனும், அங்கே இருந்து வெளியேறிய இன்னொருவரும் பிறகு சொன்னார்கள். போன உடனே மொட்டை அடித்தார்கள். சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டையைப் பிடுங்கி எறிந்தார்கள். அது என்ன மாத்திரை, எத்தனை நாளாகப் போடுகிறான் என்று ஒருவரும் கேட்கவில்லை. மதியமே நடுக்கம் வந்தது. டாக்டர் என்று சொல்லப்பட்டவர் ஒரு குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை காலை வலிப்பு வந்தது. கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணித்து முகத்தில் தண்ணீர் அடித்தார்கள். எங்களுக்குத் தகவல் இல்லை. சனிக்கிழமை இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தத் தொடங்கியதும் கட்டிலோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிவிட்டார்கள். ஞாயிறு காலையில்தான் போன் வந்தது: "உங்க தம்பி பைத்தியம் மாதிரி நடிக்கிறான்மா, வந்து ரெண்டு வார்த்தை புத்தி சொல்லிட்டுப் போங்க."

நான் உள்ளே போனபோது அவன் என்னைப் பார்த்தான், ஆனால் அக்கா என்று தெரிந்துகொள்ளவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கட்டப்படாத இடது கை, இல்லாத கியரை இழுத்து இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தது. "பின்னாடி பாருடா, பின்னாடி பாருடா" என்று, அங்கே இல்லாத கிளீனரிடம் பேசிக்கொண்டே ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டில் கயிறு அறுத்த இடத்தில் தோல் உரிந்து ஈக்கள் மொய்த்தன. மீதிப் பணத்தைக் கட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள் என்று வாசலை மறித்தார்கள். நான் அங்கேயே நின்று 108-க்கு அழைத்த பிறகுதான் விலகினார்கள்.

பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சேர்த்தோம். பணி மருத்துவர் முதலில் கேட்ட இரண்டு கேள்விகளை இன்றும் மறக்கவில்லை: கடைசியாகக் குடித்தது எப்போது, தூக்க மாத்திரை ஏதாவது போடுகிறவரா? நான்கு நாட்களாக அந்த இல்லத்தில் யாரும் கேட்காத கேள்விகள் அவை.

அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். மதுவும் இந்த வகைத் தூக்க மாத்திரையும் மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு வலுச் சேர்க்கின்றன. வருடக்கணக்கில் இப்படி நடக்கும்போது, மூளை ஈடுகட்டுவதற்காகத் தன்னைத் தூண்டிவிடும் பக்கத்தைப் பலப்படுத்திக்கொள்கிறது. திடீரென்று இரண்டையும் பிடுங்கிவிட்டால் அந்தத் தூண்டுதலை அடக்க ஆள் இல்லை. கடைசிக் குடியிலிருந்து ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும், பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் காய்ச்சலோடு கூடிய புத்தித் தடுமாற்றமும் வரக்கூடும். குடிப்பவர் எல்லோருக்கும் இந்தக் கடைசிக் கட்டம் வருவதில்லை. வந்துவிட்டால், சிகிச்சை இல்லாதபோது நூற்றுக்கு 35 பேர் வரை இறக்க நேரிடும், முறையான சிகிச்சை கிடைத்தால் இது ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும் என்றார். என் தம்பி நடிக்கவில்லை, செத்துக்கொண்டிருந்தான்.

சத்துக் குறைந்த குடிநோயாளிக்குத் தயமின் என்ற பி1 வைட்டமினை ஊசியாகப் போடாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றுவது மூளையைப் பாதிக்கலாம் என்பதையும் அங்கேதான் அறிந்தேன். தெம்பு வரும் என்று நாம் நம்பும் பாட்டிலே நினைவாற்றலைப் பறித்துவிடக்கூடும். அவனுக்குத் தயமினும், மூளையை அமைதிப்படுத்தும் டயசெபாம் என்ற மருந்தும் ஊசியில் கொடுத்து, நடுக்கம் அடங்க அடங்க அளவைக் குறைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை, "அக்கா, வண்டிய எங்க விட்டேன்?" என்று கேட்டான். நான் வெளி வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

தூக்க மாத்திரையின் கதை அதோடு முடியவில்லை. அதை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டுமாம். ஒரே நாளில் நிறுத்தினால் அதற்கும் வலிப்பு வரலாம். அல்பிரசோலம் மருத்துவர் சீட்டைப் பார்த்து, நோயாளி பெயரைத் தனிப் பதிவேட்டில் எழுதித்தான் விற்கப்பட வேண்டிய மருந்து. 2014-லிருந்தே விதி அப்படித்தான் இருக்கிறது. எங்கள் மருந்துக்கடைக்காரர் ஒரு நாளும் எழுதியதில்லை என்பதோடு, ஒரு நாளும் கேட்காத எங்களையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் குடியால் வரும் மனநலச் சிக்கல்களுக்கும் பொருந்தும். நோயாளிகளைச் சேர்த்துச் சிகிச்சை தரும் இல்லம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டாய மொட்டையும் சங்கிலியும் கூடாது. பார்வையாளரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் நோயாளிக்கு உரிமை உண்டு. அவர்கள் விதி என்று எங்களிடம் சொன்னதில் பாதி, சட்டம் கூடாது என்று சொன்னதாகவே இருந்திருக்கிறது. எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறோம். முன்பணம் இன்னும் திரும்பி வரவில்லை.

ஆகவே எந்த இல்லமாக இருந்தாலும் பதிவுச் சான்றிதழை நேரில் காட்டச் சொல்லுங்கள். இரவு இரண்டு மணிக்கு வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், எந்த மருத்துவமனைக்குக் கொண்டு போவீர்கள் என்று கேளுங்கள். பேச்சை மாற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். பேருந்திலும் சுவரிலும் விளம்பரம் செய்யும், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கும் பொடியை வாங்காதீர்கள். அதில், குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்பிரம் என்ற மருந்து இருந்து அவர் அதன் மேல் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தினமும் நிறையக் குடிப்பவரை, முன்பு ஒரு முறை வலிப்பு வந்தவரை, வைராக்கியத்தை நம்பி வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். மருத்துவரைப் பார்க்கும் வரை திடீரென்று நிறுத்தவும் வைக்காதீர்கள். வலிப்பு வந்தால் கையில் சாவியும் வாயில் கரண்டியும் வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாத எண்கள். ஸ்டான்லியிலும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலும் காசில்லாமலே பார்க்கிறார்கள். போகும்போது, அவர் போடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

திங்கட்கிழமை அந்த வேன் ஆள் இல்லாமல்தான் திரும்பியது. அந்த அம்மாவும் நானும் அவரை ஆட்டோவில் ஏற்றி ஸ்டான்லிக்கு அழைத்துப் போனோம். வழி முழுவதும் அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஓபி சீட்டு வாங்கும் வரிசையில், கடைசியாகக் குடித்த நேரத்தை மறந்துவிடாமல் இருக்க அந்த அம்மா தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தார்.