வார இறுதிக்கு எங்கே பெட்டியை இறக்குவது: ராமேசுவரமா, ராமநாதபுரமா, கீழக்கரையா?

வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்பி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் வீடு திரும்ப வேண்டும். கடல் பார்க்க வேண்டும், பழைய ஊர் ஒன்றில் காலாற நடக்க வேண்டும், நல்ல மீன் சாப்பிட வேண்டும். இப்படிக் கேட்கிறவர்களுக்கு யாரைக் கேட்டாலும் ராமேசுவரம் என்றுதான் பதில் வரும். தப்பு சொல்ல முடியாது. ஆனால் வைகை கடலைத் தொடும் இடமும், ராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் அரண்மனையும், கடல் வணிகம் செய்த மரைக்காயர்களின் பழைய துறைமுகமான கீழக்கரையும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன. ராமநாதபுரத்திலிருந்து ராமேசுவரம் 55 கிலோமீட்டர். கீழக்கரை 20-க்கும் குறைவு. எங்கே தங்கினாலும் மற்றதைப் போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் எங்கே தங்குகிறோமோ அந்த ஊர்தான் காலையும் ராத்திரியும் நமக்குக் கிடைக்கும். அதனால் தங்குமிடத்தை வைத்தே மூன்றையும் ஒப்பிடுகிறேன். என் ஓட்டு ராமநாதபுரம் டவுனுக்கு. ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன்.

ராமேசுவரத்தில் தங்குவதில் ஒரு லாபம் உண்டு, அதை வேறு எந்த ஊரும் ஈடுகட்டாது: விடிகாலை. ஐந்து மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் வரிசையில் நிற்க, மூன்றாம் பிரகாரம் அந்த நேரத்தில் ஓரளவு காலியாக இருக்கும். 1212 தூண்கள். ஒரு மூலையில் நின்று நேராகப் பார்த்தால் தூண்கள் இரண்டு பக்கமும் சிறுத்துக்கொண்டே போய் ஒரு புள்ளியில் முடியும். எட்டு மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால் ஈரத்துணியோடு வருகிறவர்களின் முழங்கை மட்டும்தான் தெரியும்.

22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்றால் சனிக்கிழமைக் காலை முழுக்க அதற்கே போய்விடும். அக்னி தீர்த்தத்தில் கடல் முழுக்கு, பிறகு கிணறு கிணறாக வாளித் தண்ணீர், பிறகு உடை மாற்றி தரிசனம். ஈர உடையோடு சன்னதிக்குள் விடமாட்டார்கள். மதியம் நடை சாத்திவிட்டால் மூன்று மணிவரை காத்திருக்க வேண்டும். நேர்த்திக்கடனாக வருகிறவர்களுக்கு இது ஒரு சுமையே இல்லை. சும்மா சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குத்தான் பாதி விடுமுறை வரிசையில் கரைந்தது போல இருக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை ஒட்டிய வாரக் கடைசி என்றால் நான் சொல்வதையெல்லாம் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

தனுஷ்கோடிக்கு வருவோம். 1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் ஊரும் போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் போனது. இடிந்த சர்ச், ரயில் நிலையச் சுவர்கள், மிச்சமிருக்கும் சில கட்டடங்கள் இவைதான் இன்றைய தனுஷ்கோடி. 2017-க்கு முன் மணலில் குலுங்கிக் குலுங்கி வேனில் போன இடத்துக்கு இப்போது அரிச்சல்முனை வரை தார் ரோடு. அந்த ரோட்டில்தான் இந்தப் பயணத்தின் சிறந்த அரைமணி நேரம் இருக்கிறது. இடது கையில் ஒரு கடல், வலது கையில் இன்னொரு கடல். மாலை மங்குவதற்குள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால் சூரிய அஸ்தமனம் பார்க்கும் ஆசையோடு ஐந்து மணிக்கு மேல் கிளம்பாதீர்கள். காலையே போய்விடுவது உத்தமம். மழைக்காலம் முடிந்த மாதங்களில் கோதண்டராமர் கோயிலைச் சுற்றியுள்ள நீர்ப்பரப்பில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். அந்தப் பகுதியை 2025-ல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள்.

பாம்பனைப் பற்றி ஒரு வார்த்தை. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் இப்போது வண்டி ஓடவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் நடுப்பகுதி, 72.5 மீட்டர் நீளம், அப்படியே படுத்த வாக்கில் லிஃப்ட் மாதிரி மேலே போகும். ரயிலில் வருகிறவர்கள் ஜன்னலோரம் பிடித்துக்கொள்ளுங்கள். காரில் வருகிறவர்கள் ரோடு பாலத்தில் வண்டியை ஓரங்கட்டி செல்ஃபி எடுக்கத்தான் செய்வார்கள், சொன்னால் கேட்கவா போகிறார்கள்.

ஆக ராமேசுவரத்தில் குறை என்ன? சனிக்கிழமை ராத்திரி. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் புரோக்கர், ஆட்டோ, சங்கு சோழிக் கடை, டூரிஸ்ட் பஸ் ஹாரன். வார இறுதியில் ரூம் வாடகை ஏறிவிடும். கோயில் பக்கம் சைவ ஹோட்டல்கள்தான். நல்ல மீன் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் போய்த் தேட வேண்டும். ஒரு தீவில் படுத்திருக்கிறோம் என்ற உணர்வே வராது.

இங்கே கொஞ்சம் காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்தக் கரையில் எந்த ஊருக்குப் போவது என்பதைக் காலண்டரைவிடக் காற்றுதான் சரியாகச் சொல்லும். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. வடகடலைப் பெண் கடல் என்றும் தென்கடலை ஆண் கடல் என்றும் மீனவர்கள் சொல்வது அது சாது, இது முரடு என்ற பொதுக் குணத்தை வைத்து. ஆனால் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை தென்கடல் பொங்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று இறங்கிவிட்டால் கதை தலைகீழ். கரைவலை இழுப்பவர்கள் இதற்கேற்ப ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறுவார்கள். நாமும் மாற வேண்டியதுதான். ஜூலையில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு தென்கடல் ஓரத்துச் சேதுக்கரைக்குப் போனால் மணல் வாரி முகத்தில் அடிக்கும். அதே நாள் வடகடல் பக்கம் அரியமான் கடற்கரையில் சவுக்குத் தோப்பு நிழலில் உட்கார்ந்து முழங்கால் தண்ணீரில் அவர்களை விளையாட விடலாம். இரண்டு கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊரில் தங்கினால்தான் காற்றைப் பார்த்துக் கடலைத் தேர்ந்தெடுக்க முடியும். ராமநாதபுரத்துக்கு நான் ஓட்டுப் போடுவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் சேதுபதிகளின் அரண்மனையான ராமலிங்க விலாசம். டவுனுக்குள்ளேயே, அரண்மனைத் தெருவில் பஸ்ஸும் ஆட்டோவும் நெருக்கும் இடத்தில், மதிலுக்கு உள்ளே இருக்கிறது. போகலூரிலிருந்து தலைநகரை இங்கே கொண்டுவந்தவர் கிழவன் சேதுபதி. சுவரில் உள்ள ஓவியங்கள் அவருக்குப் பிறகு, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. வெளியே கண்ணைக் கூசும் வெயில். உள்ளே போனால் தடிமனான தூண்களும் குளிர்ந்த தரையும். இருட்டுக்குக் கண் பழகக் கொஞ்சம் நேரம் ஆகும். பழகியதும் சிவப்பும் காவியும் மெல்ல மேலே எழும்பி வரும். ராமாயணக் காட்சிகள் ஒரு பக்கம். தஞ்சை மராட்டியரோடு நடந்த சண்டை ஒரு பக்கம். ராஜராஜேஸ்வரி அம்மன் சேதுபதிக்குச் செங்கோல் கொடுக்கும் காட்சி. தொப்பி வைத்த ஐரோப்பியர்கள் தர்பாரில் மன்னரைச் சந்திக்கும் காட்சி. மாடிச் சுவர்களில் மன்னரின் அந்தப்புரப் பொழுதுகள்கூட உண்டு. சில இடங்களில் சாயம் உதிர்ந்திருக்கிறது, சில இடங்களில் யாரோ தன் காதலியின் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இந்த இடத்துக்கு வரும் கூட்டம் ராமேசுவரம் டீக்கடை ஒன்றின் கூட்டத்தைவிடக் குறைவு. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெளிச்சம் நன்றாக விழும் காலை நேரம் நல்லது.

இந்த அரண்மனை வம்சத்தின் பாஸ்கர சேதுபதிதான் 1893-ல் விவேகானந்தர் சிகாகோ போகத் துணை நின்றவர். 1897 ஜனவரி 26 அன்று சுவாமி திரும்பி வந்து இறங்கியது பாம்பன் குந்துகாலில். தாயுமானவர் அடக்கமானதும் இதே ராமநாதபுரத்தில்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்.

மூன்றாவது காரணம் ஆறு. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடி வரும் வைகை, ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து அடங்கும். அது நிரம்பி வழிந்தால்தான் மிச்சம் கடலுக்கு. கடலில் கலக்கும் ஊருக்குப் பெயரே ஆற்றங்கரை. ராமேசுவரம் சாலையில் போய் உச்சிப்புளிப் பக்கம் இடதுபுறம் பிரிந்தால், தென்னையும் பனையும் மாறி மாறி வரும் ஒரு ரோடு அங்கே கொண்டுபோய் விடும். பெரும்பாலான மாதங்களில் ஆற்று வெள்ளம் எதுவும் வராது; கடல்தான் முகத்துவாரத்துக்குள் ஏறி நிற்கும். அங்கே வள்ளத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இது ஆத்துத் தண்ணியா, கடல் தண்ணியா?" என்று கேட்டேன். "வாயில ஊத்திப் பாருங்க தம்பி, நாளைக்கு நாளு மாறும்" என்றார், வலையிலிருந்து கண் எடுக்காமல்.

பக்கத்திலேயே அழகன்குளம். சங்ககாலத்துப் பாண்டியத் துறைமுகம் என்று ஆய்வாளர்கள் கருதும் ஊர். 1986-இலிருந்து தமிழகத் தொல்லியல் துறை பல கட்டங்களாக இங்கே தோண்டியிருக்கிறது. ரோமானியக் காசுகள், மத்தியதரைக்கடல் பக்கத்து மது ஜாடிகளின் துண்டுகள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துள்ள பானை ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஒரு ஓடு என்று கிடைத்தவை ஏராளம். மதுரைக்குப் போன சரக்கு இந்த வாசல் வழியாகத்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: கண்ணால் பார்க்க அங்கே மேடும் புல்லும் ஆடுகளும்தான். கீழடி மாதிரி அருங்காட்சியகத்தை எதிர்பார்த்து வண்டி நிறையப் பிள்ளைகளோடு போனால் வீட்டுக்கு வரும்வரை திட்டு வாங்குவீர்கள். வரலாறு படித்துவிட்டுப் போகிறவர்களுக்கும், முகத்துவாரத்தில் சும்மா உட்கார விரும்புகிறவர்களுக்கும் மட்டும் இதைச் சொல்வேன்.

டவுனிலிருந்து உத்தரகோசமங்கையும் பக்கம். "மண் முந்தியோ மங்கை முந்தியோ" என்று பேச்சு வழக்கிலேயே பழமை ஏறிய கோயில். மாணிக்கவாசகர் பாடிய தலம். மரகத நடராஜரை வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பில்தான் பார்க்க முடியும், மார்கழி ஆருத்ராவை ஒட்டி மட்டும் காப்பு களைவார்கள். கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கும் தேவிபட்டினம் நவபாஷாணம் வடக்கே, பெருமாள் கோயில் உள்ள திருப்புல்லாணி தெற்கே. பறவை பார்க்கிறவர்களுக்குச் சக்கரக்கோட்டைக் கண்மாய் ஊரை ஒட்டியே இருக்கிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2025-ல் சேர்ந்தது.

ராமநாதபுரத்தின் குறை? ஊருக்குள் கடல் கிடையாது. டவுன் என்றால் டவுன்தான்: பஸ் ஸ்டாண்ட், ஜவுளிக்கடை, தூசி, வெக்கை. சாயந்திரம் ஜன்னலைத் திறந்தால் அலை சத்தம் கேட்க வேண்டும் என்கிறவர்கள் இங்கே ரூம் போட்டால் கடுப்பாகிவிடுவார்கள். சொந்த வண்டியோ வாடகை வண்டியோ இல்லாமல் ஆற்றங்கரை, அழகன்குளம் எல்லாம் போய் வருவதும் சிரமம். டவுன் பஸ்ஸை நம்பினால் நாளே போய்விடும். வண்டி இல்லாத ஆளாக இருந்தால் ராமேசுவரத்துக்கே போங்கள், ரயில் நேராகக் கொண்டுபோய் விடும்.

கீழக்கரைக்கு வந்தால், மூன்றில் உண்மையாகவே அழகான பழைய ஊர் இதுதான். வேடிக்கை என்னவென்றால் தங்க வசதி குறைந்த ஊரும் இதுதான். "செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி" என்கிறோமே, அந்த வள்ளல் சீதக்காதியின் ஊர். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரை ஆதரித்தவர், கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பழைய ஜும்மா பள்ளிவாசல் முழுக்கக் கல் வேலை. உள்ளே நிற்கும் தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபத் தச்சர்களின் கை தெரியும்; உருவம் மட்டும் இருக்காது, பூவும் கொடியும் இருக்கும். தொழுகை நேரம் தவிர்த்து, அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுப் போங்கள், மரியாதையாகக் காட்டுவார்கள். தெருக்களில் உயர்ந்த திண்ணைகளும் பழைய மரைக்காயர் வீடுகளும். வீடுகளை போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது.

சாப்பாட்டில் கீழக்கரையை அடிக்க ஆளில்லை. தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசி மாவும் சேர்த்து, எண்ணெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்கில் கிண்டிய தொதல் ஒரு துண்டு வாயில் போட்டால் அல்வாவை மறந்துவிடுவீர்கள். கிலோ கணக்கில் கட்டிக் கொடுப்பார்கள், சில நாள் கெடாது. ஏர்வாடி தர்காவுக்கு இங்கிருந்து பக்கம். ராமநாதபுரத்தில் தங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலை திருப்புல்லாணி, சேதுக்கரை, கீழக்கரை என்று ஒரே பக்கமாகப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது என் வழக்கம்.

ஆக வயதான அப்பா அம்மாவோடு, முதல் தடவை என்றால் மறு பேச்சே இல்லாமல் ராமேசுவரம். சின்னப் பிள்ளைகள், சொந்த வண்டி, கோயில் ஏற்கெனவே பார்த்தாயிற்று என்றால் ராமநாதபுரம். கச்சான் காலத்தில் அரியமான், வாடைக் காலத்தில் சேதுக்கரை. இரண்டு மூன்று நண்பர்கள் சாப்பிடவும் தெருவில் நடக்கவும் கிளம்பினால் கீழக்கரைக்கு முழு நாளையும் கொடுங்கள்.

மீனுக்காகவே வருகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது நாட்டுப்படகு மீன் மட்டும்தான். விலை எகிறும், ஹோட்டல்களில் ஐஸ் மீன் நுழையும். அந்த இரண்டு மாதமும் இந்தப் பக்கம் வந்தால் நுங்கும் பதநீரும் குடித்துவிட்டு, மீனைக் கரையில் வள்ளம் ஒதுங்கும் நேரத்தில் நேராக வாங்கிக்கொள்ளுங்கள்.