புராஸ்டேட் புற்றுநோயும் மனச்சோர்வும்: உடற்பயிற்சியா, கவுன்சலிங்கா, மாத்திரையா?

புராஸ்டேட் புற்றுநோய் என்றாலே ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு, ஆபரேஷன், கதிர்வீச்சு என்றுதான் பேச்சு போகும். அந்த மனிதர் ராத்திரி தூங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. நோய் தெரியவந்த முதல் சில மாதங்களில் தற்கொலை ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே மனசைத் தேற்றும் வழிகளையும் சிகிச்சையைப் போலவே எடைபோட்டுப் பார்க்க வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவருக்கு என் முதல் ஓட்டு உடற்பயிற்சிக்கே. அந்தச் சிகிச்சை ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறது. தசை கரைகிறது, தொப்பை போடுகிறது, எலும்பு பலமிழக்கிறது, எப்போதும் ஒரு அசதி. இவை எல்லாம் சேர்ந்துதான் மனசையும் கீழே இழுக்கின்றன. வாரம் 3 நாள், தலா 30 நிமிடம், 12 வாரம் வேகமாக நடந்தாலே புற்றுநோயாளிகளின் பதற்றமும் சோர்வும் குறையும் என்று 2019-இல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று சொன்னது. ஆனால் நடையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. கரையும் தசைக்குத் தேவை எடைப் பயிற்சி. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதில்கூடத் தொடங்கலாம். எலும்புக்குப் பரவியிருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் எடை தூக்க வேண்டாம்.

நடை எட்டாத இடங்களும் உண்டு. அடுத்த பி.எஸ்.ஏ. டெஸ்ட் நெருங்கும்போது பழைய ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்ப்பார், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவார். சிறுநீர் கசிகிறது என்று வெளியே வரவே மாட்டார். தாம்பத்தியம் நின்றுபோனதை மனைவியிடம்கூடப் பேசமாட்டார். இதற்கெல்லாம் கவுன்சலிங்தான் சரி. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் சிபிடி முறை, ஹார்மோன் சிகிச்சையில் திடீரென அனல் அடித்து வியர்க்கும் தொல்லையையும் தணிக்கிறது. தனியாகப் போகக் கூச்சப்படுபவர் மனைவியோடு போகலாம், இதே நோயைக் கடந்தவர்களோடு பேசலாம்.

மனச்சோர்வு மாத்திரையை நான் கடைசியில் வைக்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமில்லை என்றால் 12 வாரம் நடந்து பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது, டாக்டரைப் பார்த்தாக வேண்டும். வென்லாஃபாக்சின் போன்ற சில மருந்துகள் அனல் அடிப்பதையும் குறைக்கும். மனச்சோர்வு மாத்திரைகள் பல, பாலுணர்வை மட்டுப்படுத்தும். ஏற்கெனவே அதில் நொந்திருப்பவர் முதலிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

சத்து மாத்திரைகளுக்கு என்னிடம் இடமே இல்லை. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் நடந்த ‘செலக்ட்’ என்ற ஆய்வில், வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17% கூடுதலாக வந்தது 2011-இல் தெரிந்தது.

சாக வேண்டும் என்ற எண்ணம் தலைகாட்டினால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள், அவரைத் தனியாக விடாதீர்கள்.