அடிவார முகாமா, நகரும் முகாமா?

பல நாள் நடந்தால்தான் எட்ட முடியும் என்கிற சிகரத்துக்கு இரண்டு விதமாகப் போகலாம். ஒன்று, அடிவாரத்தில் டென்ட் அடித்துவிட்டு, உச்சிக்கு மட்டும் சிறு பையோடு போய்த் திரும்புவது. இன்னொன்று, மொத்தச் சுமையையும் தூக்கிக்கொண்டு முகாமைப் படிப்படியாக மேலே நகர்த்துவது.

முதுகைக் கேட்டால் முதல் வழிக்குத்தான் ஓட்டுப் போடும். 15 கிலோ சுமை 5 கிலோவாகக் குறைந்தால் பாறையில் கால் வைப்பதே வேறு மாதிரி இருக்கும். ஆனால் உச்சிக்குப் போகும் நாள் நீளும். இருட்டிலேயே கிளம்ப வேண்டும். நடுவழியில் வானிலை புரண்டால் டென்ட் கீழே கிடக்கும். அதனால் சிறு பையிலும் மழைக்கோட்டு, கனமான கம்பளி உடை, டார்ச் கட்டாயம்.

3,000 மீட்டரைத் தாண்டினால் கணக்கே வேறு; காற்று மெலிவதால் உடல் உயரத்துக்கு மெல்லத்தான் பழகும். அதற்கு மேல், தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மலையேற்ற மருத்துவத்தின் பொதுவான அறிவுரை. 5,500 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். தினமும் ஓடிப் பழகியவருக்கும் இதில் சலுகை கிடையாது. உயரமான சிகரத்துக்கு நான் நகரும் முகாமைத்தான் சொல்வேன். மறுபக்கம் இறங்கும் பாதை என்றால் வேறு வழியும் இல்லை.

அப்புறம் தண்ணீர். மேல் முகாம்களில் பெரும்பாலும் ஓடை இருக்காது; பனியை உருக்க வேண்டியிருந்தால் எரிவாயுவைக் கூடுதலாகவே கட்டுங்கள்.