மட்டக்களப்பு ஈரத்தில் பழைய டமியா பாந்தர்: எது நிலைக்கும், எது கெடும்

ஜப்பானின் டமியா கம்பனி விடும் 1/35 அளவுப் பாந்தர் ஏ (இலக்கம் 35065), இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் யுத்த டாங்கியை ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் மாதிரிக் கிட். மோட்டார் பூட்டி ஓடவிட்ட காலத்து அச்சு. பெட்டியைத் திறந்ததுமே அது தெரியும்: அடித்தட்டில் மோட்டாருக்கு விட்ட துளைகள், சங்கிலிக்கு மேலே நீட்டிய பக்கப் பகுதியின் அடி திறந்தபடி. 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டால் இரண்டையும் மூடலாம். துளைக்குத் தகட்டை உள்ளே ஒட்டி, வெளியே புட்டியை இரண்டு தடவையாக நிரப்புங்கள். ஒரே தடவையில் நிரப்பினால் காய்ந்து சுருங்கி, பெயின்ட் அடித்த பிறகு குழி காட்டிக்கொடுக்கும்.

கோது (டாங்கியின் உடற்பகுதி) நன்றாகப் பொருந்துகிறது, பெரிய குறை இல்லை. இந்தக் கிட்டைக் கொல்வது கறுப்பு வினைல் சங்கிலிதான். அதை மென்மையாக வைத்திருக்கும் இரசாயனம் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பொலிஸ்டைரீன் சில்லை இளக்கும். முதலில் சில்லின் விளிம்பு எண்ணெய் பட்டதுபோல மினுங்கும், பிறகு சங்கிலியின் வடிவம் அதில் பதியும். வெக்கையில் இது கெதியாக நடக்கும். பெட்டிக்குள்ளேயே பழுதாகிவிடுவதும் உண்டு, ஆகவே வாங்கிய அன்றே சங்கிலியைத் தனிப்பையில் போடுங்கள். விளிம்புக்குக் கொடுக்கும் பெயின்ட் பூச்சு இதைத் தள்ளிப்போடும், தடுக்காது. கன வருடம் வைத்திருக்கப் போகிறவர் கண்ணி கண்ணியாகக் கோக்கும் ஸ்டைரீன் சங்கிலிக்குச் செலவழிப்பதே நல்லம். பாந்தரின் மேற்சங்கிலி சில்லுகளின் மேல் தொய்ந்து கிடக்க வேண்டும், அதுவும் அதில்தான் சரியாக வரும்.

வினைலையே பூட்டுவதென்றால் எனாமல் வேண்டாம், பிசுபிசுப்பு போகாது. அக்ரிலிக் பூசுங்கள், ஆனால் பூட்டிய பிறகு. முதலே பூசி வளைத்தால் உரியும். தொய்வுக்குச் சூப்பர் குளூவை ஊசி முனையால் தொட்டு வையுங்கள். கூடினால் சுற்றிலும் வெள்ளைப் படலம் படியும், மாரியில் இன்னும் மோசம்.

மஞ்சளித்த டிக்கலை (தண்ணீரில் நனைத்து ஒட்டும் இலக்க, சின்னத் தாள்) ஒளி புகும் பையில் போட்டு, வெயில் படும் யன்னல் கண்ணாடியில் சில நாள் ஒட்டி வைத்தால் வெளுக்கும். முதலில் தேவையில்லாத ஒரு இலக்கத்தைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அது நொறுங்கினால் தாள் முழுவதற்கும் பளபளப்பு லாக்கர் அடித்து, ஒவ்வொன்றையும் விளிம்போடு ஒட்டி வெட்டுங்கள்.

அடிநிறம் டமியாவின் கடும் மஞ்சள் பெயின்ட், எக்ஸ்எஃப்-60. கச்சான் காற்று வீசும் நாளில் ஏர்பிரஷ் துளி வழியிலேயே காய்ந்து, மேற்பரப்பு சொரசொரக்கும். பெயின்ட் காய்வதைத் தாமதிக்கும் ரிடார்டர் சில துளி சேர்த்து, கிட்டப்பிடித்து அடியுங்கள். மாரியில் சிக்கல் மற்றப்பக்கம்: மட் (மினுக்கமில்லாத) வார்னிஷ் ஆவியாகும்போது குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்து, பால்போல வெளுக்கும். அப்படியானால் சுரண்டாதீர்கள். வெயில் நாளில் பளபளப்பு வார்னிஷ் மெல்லிதாக அடித்தால் பெரும்பாலும் தெளியும்.

பழசாக்கும் வேலை இதற்கெல்லாம் பிறகுதான். பளபளப்புப் பூச்சின் மேல், கடும் பழுப்பு எண்ணெய் வர்ணத்தை வைட் ஸ்பிரிட்டில் தேத்தண்ணி நிறத்துக்குக் கரைத்து, போல்ட்டைச் சுற்றியும் கதவு விளிம்பிலும் மட்டும் விடுங்கள். முழு உடம்பிலும் ஊற்றினால் மஞ்சள் அழுக்காகிப்போகும். உராய்வுக்கு வெள்ளி நிறம் வேண்டாம். ஸ்பொஞ்சுத் துண்டில் கடும் பழுப்பைத் தொட்டு, கடதாசியில் ஒற்றியெடுத்த பிறகு விளிம்பில் தட்டுங்கள்.

சேற்றுக்கு வாவிக்கரை மண்ணை அள்ளாதீர்கள். 0.2 மி.மீ. மணலே இந்த அளவில் 7 மி.மீ. கல். மண்ணில் உள்ள உப்பு ஈரத்தை இழுத்துப் பின்னர் வெள்ளையாகப் பூக்கும். அம்பாறைப் பக்கத்துக் கிறவல் தூசு அரித்தால் நேர்த்தியாக வரும், ஆனால் அந்தச் சிவப்பு 1943-44 உக்ரைன் கருமண்ணோடு ஒட்டாது. கறுப்பும் பழுப்பும் கலந்து பொடியாக்கிய சோக் பேஸ்டல் போதும். சில்லுக்கும் கீழ்க்கோதுக்கும் கூடுதலாக, பின்தட்டுக்குக் கொஞ்சம், கோபுரத்துக்குச் சேறு தேவையில்லை.