பசங்களுக்கான இரும்பு ஷவல் செட்: ரொம்ப நாள் யூஸ் பண்ணப்புறம் எழுதுறேன்

அந்த மரக் கைப்பிடி போட்ட கரண்டி, ஷவல், ரேக் செட் இப்போ விலை குறைஞ்சிருக்கு, வாங்கலாமான்னு பக்கத்து வீட்டு அக்கா கேட்டாங்க. வாயால சொல்லி முடியாது, அதான் எழுதிடுறேன்.

தோண்டுறதுல குறையே இல்ல. பெசன்ட் நகர் பீச்ல அலை வந்து போற இடத்துல ஈர மணல் இறுகி கெடக்கும், பிளாஸ்டிக் ஷவல் அங்க வளைஞ்சிடும், இது அழுத்துனா இறங்குது. மொட்டை மாடி தொட்டில செம்மண்ணு காஞ்சு கட்டியா இருந்தப்போகூட பாப்பா தானே கொத்தி வெந்தயம் தூவுனா. அது மூணு நாலு நாள்ல முளைச்சிடும், 25 நாள்ல கிள்ளி பருப்புல போடலாம், அதனால பசங்களுக்கு பொறுமை போறதுக்குள்ள பலன் தெரியும். ஓரமெல்லாம் மடிச்சு மழுக்கி இருக்கு, கை கிழிக்காது. ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்கு, 2021 ஜனவரிலேர்ந்து பொம்மைங்களுக்கு அது கட்டாயம்.

ஆனா அந்த கைப்பிடி!! இரும்புக் குழாய்க்குள்ள மரத்த சும்மா சொருகி விட்டிருக்காங்க, ஆணி கிடையாது, ரிவெட் கிடையாது. மரம் நனைஞ்சா ஊதும், ஊதுறதுக்கு குழாய்ல இடம் இல்லாம நசுங்கும், அப்புறம் வெயில்ல காஞ்சா முன்னாடி இருந்தத விட சிறுத்துடும். தண்ணில ஊறப்போடு டைட்டாயிடும்னு எல்லாரும் சொல்வாங்க, அன்னைக்கு டைட்டாகும்தான், காஞ்சதும் இன்னும் லூசாகும். குழந்தை பலமா குத்துறப்போ ஷவல் கைக்குள்ளயே திரும்புது, ஒருநாள் கழண்டே வந்துடுச்சு, பாப்பா பின்னாடி விழுந்து அழுதா. தண்ணியும் மண்ணும்தான் இதுக்கு வேலையே, நனைஞ்சா கழண்டுடும்னா அப்புறம் யாருக்காக செய்றாங்க? கஸ்டமர் கேர்ல கேட்டா "ஈரத்துல வைக்காதீங்க"ன்னு பதில், எனக்கு வந்த கோவம் இன்னும் போகல.

கடைசில தெரு முனை வெல்டிங் கடை அண்ணன் குழாயோட சேர்த்து ஓட்டை போட்டு ரிவெட் அடிச்சு குடுத்தாரு, டீ காசுதான் வாங்குனாரு. அதுக்கப்புறம் அசையவே இல்ல. உப்புத் தண்ணில துரு பிடிக்காம இருக்க நல்ல தண்ணில கழுவி, துடைச்சு, தேங்காண்ணெய் தடவுனா போதும்.

பாப்பா இன்னைக்கும் அதத்தான் எடுக்குறா, வேற எதையும் தொடறதில்ல. இருந்தாலும் அக்கா, வாங்காதீங்க. ஒரு ரிவெட் அடிக்க மனசு வராதவங்களுக்கு பாதி விலைன்னாலும் காசு குடுக்க எனக்கு மனசு வரல. ஏற்கனவே ஆர்டர் போட்டுட்டீங்கன்னா, குழந்தை கைல குடுக்குறதுக்கு முன்னாடி அந்த அண்ணன்ட்ட போயிட்டு வந்துடுங்க.