28 இலட்சம் போய்விட்டது: கனடா விசா எடுத்துத் தருகிறோம் என்பவர்களிடம் கவனம்

வியாழக்கிழமை மறுப்புக் கடிதம் கைக்கு வந்தது. ஆத்திரத்தில் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கனடா விசிட் விசாவுக்கென்று வெள்ளவத்தையில் ஒரு விசா ஆலோசனை அலுவலகத்தில் கட்டிய காசு 28 இலட்சம் ரூபாய். விசாவும் இல்லை, காசும் இல்லை. பொய்த் தகவல் கொடுத்தேன் என்று 5 வருடத் தடை வேறு, என் பெயரில்.

எப்படி நம்பினாய் என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். கொழும்பில் எந்தக் கந்தோர் வாசலுக்குப் போனாலும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சிங்களம் தெரியாது. பத்தரமுல்லையில் பாஸ்போட் வரிசையில் இரவிரவாக நின்றபோதும் ஒரு சொல் பேசவில்லை. இந்த அலுவலகத்திலோ முதலாளியே எழுந்து வந்து, "தம்பி எவ்விடம்?" என்றார். யாழ்ப்பாணத்தில் மயிலிட்டி என்றேன். "அட, தொண்ணூறில வெளிக்கிட்ட சனம்தானே நாங்களும்!" பிளேன்டீ வந்தது. அதற்குப் பிறகு ரசீது கேட்க எனக்கு வாய் வரவில்லை. சொந்தக்காரரிடம் யாராவது ரசீது கேட்பார்களா?

அந்தக் காசு எது தெரியுமா? 1990இல் போரில் விட்டுவிட்டு ஓடிய எங்கள் காணி. 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தை ராணுவம் விட்டபோது அதுவும் திரும்பக் கிடைத்தது. பற்றைக்குள் நடந்துபோன அம்மாவால் கிணற்றுக்கட்டை மட்டும்தான் அடையாளம் காண முடிந்தது. 27 வருடம் காத்திருந்து கிடைத்த அதை விற்றுத்தான் 28 இலட்சம். காணி உறுதியை அம்மா பொலித்தீன் பையில் சுற்றித் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

முதல் மாதம், "கைரேகை முடிஞ்சுது, இனிப் பயமில்லை." அப்புறம், "அங்க பனிக்காலம், மெதுவாத்தான் நடக்கும்." அப்புறம், "கொஞ்சம் பொறும் தம்பி, அவசரப்பட்டா ஃபைல் கெட்டுப்போம்." கடைசியில் வாட்ஸ்அப்பில் நீலக் குறி மட்டும்.

விண்ணப்பத்துக்கு என் பெயரில் ஒரு மின்னஞ்சலைத் திறந்து, கடவுச்சொல்லை அவர்களே வைத்திருந்தார்கள். வங்கிக் கணக்கு ஆவணத்தில் சந்தேகம், விளக்கம் தா என்று விசா அதிகாரி அனுப்பிய கடிதம் அதற்குத்தான் போயிருக்கிறது. ஒருவரும் பதில் போடவில்லை. அங்கு வேலை செய்யும் பெடியன் ஒருவனிடம் கெஞ்சி விண்ணப்பப் பிரதியை வாங்கிப் பார்த்தேன். அதில் நான் வவுனியாவில் ஹாட்வெயார் கடை முதலாளி. மனைவி, இரண்டு பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்திருக்கிறார்கள், மூத்தவளுக்கு ஏழு வயது. நான் பாமசியில் சம்பளத்துக்கு நிற்பவன், கல்யாணமே ஆகவில்லை. கீழே இருப்பது என் கையெழுத்துத்தான். வெற்றுத்தாளில் போடச் சொன்னார்கள், போட்டேன். அது என் பிழை.

வெள்ளிக்கிழமை நேரே போய் 28 இலட்சத்தைத் திருப்பிக் கேட்டேன். "இன்னும் பத்துத் தந்தா வேற நாடு பார்க்கலாம்" என்றார் வெட்கமில்லாமல். சத்தம் போட்டேன். அதுவரை என்னோடு ஊர்த் தமிழில் மட்டுமே கதைத்த மனுசன், வாசல் காவலாளியிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். காவலாளி என் தோளைப் பிடித்து வெளியே விட்டார்.

பொலிஸ் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதினார்கள். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் ஆட்சிமொழி ஆனது என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியவன் நான். வாசிக்கத் தெரியாத தாளில் இன்னொரு கையெழுத்து.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. கிட்டத்தில் போகிறவர்களுக்கு இது மட்டும்: விசிட் விசாவுக்குக் கனடா அரசு எடுப்பது 100 கனேடிய டொலர், கைரேகைக்கு 85, மொத்தம் 185 டொலர். மிச்சமெல்லாம் இடையில் நிற்பவருக்கு. கனடாவில் பதிவுபெற்ற ஆலோசகர் என்று சொன்னால் அங்கே ஆலோசகர்களைப் பதிவுசெய்யும் அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். வேலைக்கென்றால் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அவர்களுக்குக் கொடுத்த அனுமதி இலக்கத்தைக் கேளுங்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கட்டும். வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். ரசீது, ரசீது, ரசீது. எந்த ஊர் என்று கேட்பவரிடம் இரண்டு தரம் கேளுங்கள். மற்றதைப் பிறகு எழுதுகிறேன், அம்மா கோல் எடுக்கிறார். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.