கண்ணருகுத் திரைகளுக்கு எது ஏற்றது: எல்கோஸ், டிஎம்டி, ஓஎல்இடி

கேமராவின் மின்னணுப் பார்வைத் துளையானாலும் (வியூஃபைண்டர்), கண்முன் படம் காட்டும் மூக்குக்கண்ணாடியான காட்சிக் கண்ணாடியானாலும், விரல் நகம் அளவுள்ள ஒரு திரையை லென்ஸ் வழியாகப் பெரிதாக்கிக் காட்டுவதே வேலை. அந்தத் திரை மூன்று வகையில் ஒன்றாக இருக்கலாம்: சிலிக்கான் சில்லின் மேல் திரவப் படிகம் கொண்ட எல்கோஸ், சாயும் நுண்ணாடிகளால் ஆன டிஎம்டி, தானே ஒளிரும் ஓஎல்இடி. திரையைத் தேர்ந்தெடுக்கும்போது பலரும் புள்ளி எண்ணிக்கையைத்தான் முதலில் கேட்கிறார்கள். என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது, ஒளி அந்தத் திரைக்கு எந்த வழியாக வந்து, எந்தக் கோணத்தில் வெளியேறுகிறது என்பதே.

10 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு திரையை 30 டிகிரி அகலக் காட்சியாகக் காட்ட, ஏறத்தாழ 18.7 மில்லிமீட்டர் குவியத்தூரம் கொண்ட லென்ஸ் வேண்டும். கண் சற்று அசைந்தாலும் படம் மறையாமலிருக்க, கண் இருக்கும் இடத்தில் ஒளிக்கற்றை 8 மில்லிமீட்டர் அகலம் இருப்பது நல்லது. அப்படியானால் லென்ஸ் எஃப்/2.3 வேகம் கொண்டதாக இருக்க வேண்டும் (குவியத்தூரத்தைக் கற்றையின் அகலத்தால் வகுத்த எண் இது; எண் சிறிதானால் கூம்பு அகலும்). திரையின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் நடு அச்சுக்கு இருபுறமும் சுமார் 12 டிகிரி வரை விரியும் ஒளிக்கூம்பை அது வாங்கியாக வேண்டும்.

இந்த 12 டிகிரி, டிஎம்டியை மதிப்பிட நேரடியாக உதவுகிறது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹார்ன்பெக் 1987-இல் உருவாக்கிய இந்த நுண்ணாடித் திரையில், பரவலாகப் பயன்பட்ட வகையின் ஆடிகள் இருபுறமும் 12 டிகிரி சாயும். ஒளி 24 டிகிரி சாய்வில் வந்து விழுந்தால், 'ஒளிர்' நிலையிலுள்ள ஆடி அதை நேராக லென்ஸுக்கு அனுப்பும். 'அணை' நிலையிலுள்ள ஆடி 48 டிகிரிக்கு விலக்கிவிடும். வரும் கூம்பும் போகும் கூம்பும் ஒன்றன்மேல் ஒன்று படியாமலிருக்க வேண்டுமானால் எஃப்/2.4-ஐவிட வேகமான லென்ஸை வைக்க முடியாது. ஆக, நமது கணக்குக்கு அது மயிரிழையில்தான் குறைகிறது. காட்சியை 40 டிகிரியாக விரித்தால் குவியத்தூரம் 13.7 மில்லிமீட்டராகக் குறைந்து, கற்றையும் 5.7 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். பின்னர் வந்த 17 டிகிரிச் சாய்வு ஆடிகள் இந்த எல்லையை எஃப்/1.7 வரை தளர்த்தின. ஆனாலும் இரு கூம்புகளையும் பிரிக்க முழு அக எதிரொளிப்பு முப்பட்டகமும் (ஒரு கோணத்தில் வரும் ஒளியைத் திருப்பி, மற்றொரு கோணத்தில் வருவதைக் கடக்கவிடும் கண்ணாடித் துண்டு), விலக்கப்பட்ட ஒளியை விழுங்க ஓர் இடமும் வேண்டும் என்பதால், கண்ணாடிச் சட்டத்துக்குள் டிஎம்டியை அடக்குவது கடினம். தளவிளைவு (ஒளியின் அதிர்வை ஒரே தளத்துக்குள் அடக்குவது) தேவையில்லாததும் ஆடிகள் மைக்ரோ நொடிகளில் புரள்வதும் அதன் உண்மையான பலங்கள். புரொஜெக்டரில் அவை முழுமையாகப் பயன்படுகின்றன.

எல்கோஸ் வேறு வழியில் இயங்குகிறது. சிலிக்கான் சில்லின் மேல் ஆடிபோன்ற மின்முனைகளும், அவற்றின் மேல் திரவப் படிகப் படலமும் இருக்கும். தளவிளைவுற்ற ஒளியை, அதிர்வுத் தளத்தைப் பொறுத்து ஒளியைத் திருப்பவோ கடக்கவோ விடும் பிரிப்புக் கனசதுரம் திரைமேல் திருப்பிவிட, படிகம் அதன் தளத்தைச் சுழற்றி அனுப்பினால் அது கனசதுரத்தைக் கடந்து லென்ஸுக்குப் போகும். சுழற்றாவிட்டால் வந்த வழியே திரும்பும். போகும் பாதையும் வரும் பாதையும் ஒரே இடத்தில் படிவதால் டிஎம்டியின் கோண எல்லை இங்கே இல்லை. அதற்கு ஈடாக, சாதாரண எல்இடியின் ஒளியில் பாதி தொடக்கத்திலேயே வீணாகிறது. கூம்பு விரிய விரியக் கனசதுரப் பூச்சின் பிரிக்கும் திறன் குறைந்து கருமை சாம்பலாகத் தெரியத் தொடங்குகிறது. மேற்சொன்ன திரைக்கு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் கனசதுரம் தேவைப்படும். கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைக் கணக்கில் கொண்டால் அது 6 மில்லிமீட்டர் காற்று இடைவெளிக்குச் சமம். 18.7 மில்லிமீட்டர் லென்ஸ் இதைப் பொறுத்துக்கொள்ளும். குவியத்தூரம் குறைந்தால் கூம்பு விரிந்து கனசதுரமும் பெரிதாகும், அதை வைக்க இருக்கும் இடமோ குறையும். அகலக் காட்சி கேட்பவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

நிறத்துக்கு வந்தால், சிறிய எல்கோஸ் திரைகளும் டிஎம்டியும் சிவப்பு, பச்சை, நீலப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதே வழக்கம். ஒவ்வொரு புள்ளியும் மூன்று நிறத்தையும் தருவதால் கூர்மை கூடும். கண்ணைச் சட்டென்று திருப்பினால் வெள்ளை விளிம்புகள் வானவில்லாகச் சிதறும். 2008-இல் வந்த பானசோனிக் ஜி1 கேமராவின் பார்வைத் துளையில் இந்தச் சிதறலைப் பலர் கவனித்தார்கள். சோனி 2011-இல் தன் கேமராக்களில் 1024×768 புள்ளிகள் கொண்ட ஓஎல்இடியை வைத்தபோது அந்தத் தொல்லை இல்லை.

ஓஎல்இடி தானே ஒளிர்வது; மற்ற இரண்டையும்போல வெளியிலிருந்து வரும் ஒளியைக் கட்டுப்படுத்தும் பண்பேற்றி அல்ல. ஒளியூட்டவோ தளம் பிரிக்கவோ எதுவும் வேண்டாம். லென்ஸைத் திரைக்கு எவ்வளவு நெருக்கமாகவும் கொண்டுவரலாம், கருமையும் முழுமையாக இருக்கும். மூடிய பார்வைத் துளைக்கு இதைவிட்டு வேறொன்றைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஆனால் அது எல்லாத் திசையிலும் ஒளிர்கிறது: எஃப்/2.3 லென்ஸ் அதில் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகவே பிடிக்கும். மூடிய அறைக்குள் இது ஒரு பொருட்டல்ல. வெளியுலகமும் சேர்ந்து தெரியும் கண்ணாடியில், அதுவும் உச்சி வெயிலில், மிஞ்சும் ஒளி போதாமல் படம் வெளிறிப்போகும். விளிம்புவிளைவு அலைவழிகாட்டி (ஒளியைத் தனக்குள் கடத்தி, நுண்வரிகளால் கண்ணை நோக்கி வெளிவிடும் கண்ணாடித் தகடு) போன்ற மெல்லிய அமைப்புகள் உள்ளே விட்ட ஒளியில் மிகச் சிறு பங்கையே கண்ணுக்குத் தருவதால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எல்கோஸுக்கோ ஒளிமூலம் தனியாக வெளியே இருக்கிறது. எல்இடியை எவ்வளவு பிரகாசமாக வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்து, அதன் ஒளியைத் தேவையான கூம்புக்குள் மட்டும் திருப்பிவிடலாம். 2013-இன் கூகுள் கிளாஸ் (640×360), 2016-இன் ஹோலோலென்ஸ், 2022-இன் மேஜிக் லீப் 2 ஆகிய காட்சிக் கண்ணாடிகள் எல்கோஸையே நம்பியதற்கு இது முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். வெயிலில் அணியும் கண்ணாடியை வடிவமைப்பவர் எல்கோஸை எடுத்துக்கொண்டு, கனசதுரத்துக்குப் பதிலாக, அகன்ற கோணத்திலும் திறன் குறையாத கம்பிவரித் தகட்டையோ (நுண்ணிய உலோகக் கம்பிகளால் தளவிளைவைப் பிரிக்கும் தகடு), திரையின் முன்பக்கமே படியும் மெல்லிய ஒளிவழிகாட்டியையோ முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும். மில்லிமீட்டர்களை மிச்சம் பிடிக்க இடமிருப்பது அங்கேதான்.